தோட்டக்காரர் மகள்

அத்தியாயம் 14

நிச்சயத் தட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்துக்காக விமலா இரண்டு மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

மகள் புனிதாவுக்கும், செண்டாயானில் ஃபேக்டரி டெக்னீஷியனாக இருக்கும் திருச்செல்வத்துக்கும் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளையின் அம்மா செல்லம் நீட்டுகிற தட்டை, பெண்ணைப் பெற்றவள் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். அதற்கென்று மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை, வளையல், கழுத்துக்குப் பொருத்தமாக ஒரு அட்டிகை. மம்பாவில் அவள் வீட்டு வரிசையில் இருக்கும் அத்தனை பேரும் அந்தப் புடவையைப் பார்த்தாயிற்று. பார்க்காதவர்களை அவளே கூப்பிட்டுக் காட்டினாள்.

இதில் ஒரே ஒரு முள். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் ரோகினி.

ரோகினி யார் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுவோம். விமலாவின் கணவர் சத்தியசீலனுக்கு ஒரே தம்பி ரவிச்சந்திரன். அவன் மனைவிதான் ரோகினி. ஓரகத்தி. செண்டாயானில் மாடி வீடு, வெள்ளைக் கார், வாரம் ஒரு சுடிதார். இவற்றையெல்லாம்கூட விமலா மன்னித்துவிடுவாள். மன்னிக்க முடியாதது ஒரே ஒரு சொல். 'கிராணி.'

"எங்கப்பா டத்தோகிட்ட கிராணியா இருந்தவரு" என்று ரோகினி கல்யாணமாகி வந்த முதல் வாரமே சொன்னாள். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கிராணி என்றால் மேசை, பேனா, முழுக்கால் சட்டை, வெயில் படாத உத்தியோகம். விமலாவின் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். எந்த விசேஷத்திலும் அந்த மூன்றெழுத்து வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். விமலா எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிப் பக்கம் போய்விடுவாள்.

போன வாரம் மாமனார் முருகையாவின் எண்பதாவது பிறந்தநாள் விருந்தில் நடந்தது நினைவிருக்கும். கேக் வெட்டக் கத்தியோடு நின்ற பெரியவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு, ரோகினி ஒரு செய்தியைப் போட்டு உடைத்தாள். ஒரு காலத்தில் நாட்டை நடத்தியவர்களில் ஒருவரான டத்தோவின் பழைய பங்களாவைப் புதுப்பித்துத் திறந்துவிட்டார்களாம். அதில் அவள் அப்பா மாயாண்டியின் படம் மாட்டியிருக்கிறதாம்.

விருந்துக்கு வந்திருந்த செல்லம் வாயைப் பிளந்தாள். "டத்தோ வீட்டுலயா? அப்ப நாமளும் ஒருநாள் போய்ப் பாக்கணும்லா."

அந்த ஒருநாள் இந்தச் சனிக்கிழமை.

* * *

காலை எட்டு மணிக்கே தகராறு. வாய்விட்டு அல்ல, விமலாவின் வயிற்றுக்குள்.

செல்லத்துக்காகச் சத்தியசீலனின் பழைய காரை அவள் துடைத்து, பின் சீட்டில் மெத்தை போட்டு, கண்ணாடியில் மல்லிகை வாசனை அட்டைகூடத் தொங்கவிட்டிருந்தாள். செல்லம் வந்தாள். பசியாறினாள். வாசலில் ரோகினியின் வெள்ளைக் கார் வந்து நின்றதும் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இதுல ஏர்கோன் நல்லா வருதும்மா விமலா. எனக்கு வெக்கை ஆகாது. தப்பா எடுத்துக்காத."

"இதுல என்னக்கா இருக்கு" என்றாள் விமலா. இருந்தது.

மெத்தை போட்ட சீட்டில் புனிதாவும் திருச்செல்வமும் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்ப்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வந்தார்கள். சத்தியசீலன் வண்டியை ஓட்டினார். பேச்சு அவருக்குப் பழக்கமில்லை.

"அவரு கிராணியா இருந்ததுக்கு இவ எதுக்கு இப்படிக் குதிக்கிறா" என்றாள் விமலா, சுங்கை காடுட் தாண்டும்போது.

"ம்."

"படத்துல எந்த மூலையில நிக்கிறாரோ."

"ம்."

"நீங்க எப்பவாவது வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் நாலு பேரு மாதிரி இருந்திருப்பேன்."

சத்தியசீலன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பங்களாவுக்குத் திரும்பும் இடம் வந்துவிட்டது.

* * *

செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு மேடு. மேட்டின் மேல் பங்களா. ஆளுயரத் தூண்களில் நிற்கும் மரவீடு, புது வார்னிஷில் பளபளத்தது. கீழே டிக்கெட் கவுண்டர், செருப்பு வைக்கும் பெட்டி, சீவிய ஐஸில் சிரப் ஊற்றி ஐஸ் காச்சாங் விற்கும் வண்டி.

உள்ளே டத்தோவின் கறுப்பு டெலிபோன் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. கொசுவலை போட்ட கட்டில், அவர் மூக்குக்கண்ணாடி, அவர் கைத்தடி, எல்லாவற்றுக்கும் முன்னால் சிவப்புக் கயிறு. தொடாதே என்ற பலகை.

செல்லம் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தாள்.

"என்னமா தேச்சி வச்சிருக்காங்க. நம்ம லயத்து வீட்டையும் இப்படித் தேச்சி வச்சிருந்தா நாமளும் டிக்கெட் போட்டிருக்கலாம்."

விமலா சிரித்தாள். இந்தச் சம்பந்தி அவளுக்குப் பிடிக்கும். வாயில் பூட்டு இல்லாதவள். பால் மர வெட்டுக்காட்டில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஏர்கோன் விஷயத்தை மறந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். அதற்குள் ரோகினியின் குரல் பக்கத்து அறையிலிருந்து வந்தது.

"அக்கா, இங்க வாங்க. இதோ எங்கப்பா."

அந்த அறை முழுக்க டத்தோவிடம் வேலை செய்தவர்களின் படங்கள். டிரைவர், சமையல்காரர், காவலாளி. அவர்களில் பாதிப்பேர் தமிழர்கள் என்பதால் படத்துக்குக் கீழே மலாயில் ஒரு வரியும் தமிழில் ஒரு வரியும் எழுதியிருந்தார்கள்.

நடுவில் பெரிய படம். டத்தோ பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு அடி தள்ளி, வெள்ளைச் சட்டையில், நெட்டையாக மாயாண்டி. விமலா முதலில் பார்த்தது அவர் கைகளை. பின்னால் கட்டியிருந்தார். பேனா இருந்ததோ வேறு என்ன இருந்ததோ, படத்தில் தெரியவில்லை.

பிறகு கீழே இருந்த வரியைப் பார்த்தாள். அவள் சுங்கை காடுட் ஃபேக்டரி ஒன்றில் பதினெட்டு வருடமாக லைன் லீடர். மலாய் நோட்டீஸ் படித்துப் படித்துத்தான் சம்பளம் வாங்குகிறாள்.

மாயாண்டி. துக்காங் கெபுன்.

இன்னொரு தடவை படித்தாள். துக்காங் கெபுன்தான். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர். புல் வெட்டுகிறவர்.

கால் கட்டைவிரலிலிருந்து ஒரு குளிர்ச்சி ஏறியது. இருபத்திரண்டு வருடம். எத்தனை காதுகுத்து, எத்தனை பால்குடம், எத்தனை கல்யாணம், எத்தனை முறை குசினிப் பக்கம். எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டே சொல்லில் பதில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அரசாங்க முத்திரை வேறு.

ரோகினியைத் திரும்பிப் பார்த்தாள். ரோகினியும் அந்த வரியைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். ஃபேஸ்புக்கில் யாரோ போட்ட படத்தைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டியவள். அதில் கீழ்வரி வெட்டுப்பட்டிருந்திருக்கிறது. பவுடருக்கு அடியில் அவள் முகம் வெளுத்ததை விமலா ஐஸ் காச்சாங் சாப்பிடுவதுபோல் சொட்டுச் சொட்டாக ரசித்தாள்.

செல்லமும் குனிந்தாள். அவளுக்கு மலாய் எழுத்து ஓடாது. கீழே இருந்த தமிழை விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக் கூட்டினாள்.

"திரு... மாயாண்டி... தோட்டக்காரர்."

நிமிர்ந்தாள். கண் இரண்டும் விரிந்திருந்தது.

"தோட்டக்காரரா? ஏம்மா ரோகினி, கிராணின்னுல்ல சொன்ன?"

ரோகினி இழுத்தாள். "அது வந்துக்கா..."

"கடைக்காரர்னா கடை அவரோடது. வீட்டுக்காரர்னா வீடு அவரோடது. அப்ப தோட்டக்காரர்னா? இந்தத் தோட்டமே உங்கப்பாவோடதா?"

இந்தப் பக்கத்தில் தோட்டம் என்றால் ரப்பரும் செம்பனையும்தான். ஆயிரம் ஏக்கர், தொழிலாளர் லயம், ஆபீஸ், வேலையை மேய்க்க மண்டோர். பூச்செடி வைத்த இடத்தைத் தோட்டம் என்று செல்லம் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மொழிபெயர்த்த புண்ணியவான் எந்த ஊரோ, அகராதியைப் பார்த்து எழுதிவிட்டுப் போய்விட்டான்.

எல்லாரும் ரோகினியைப் பார்த்தார்கள். அவள் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தோளில் சரியாக இருந்த துப்பட்டாவை இன்னும் ஒருமுறை சரிசெய்தாள்.

"பெருமையா பேசறது எனக்குப் பிடிக்காதுக்கா" என்றாள் மெதுவாக.

விமலா சுவரில் இருந்த மலாய் வரியை மறுபடி பார்த்தாள். கிராணி போய் முதலாளி. கெபுன் வேலைக்குப் பதவி உயர்வு என்று கேள்விப்பட்டதுண்டா?

"பாரு, பாரு, எவ்வளவு அடக்கம்" என்று செல்லம் ரோகினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "திரு, இங்க வா. சித்திய அந்தப் படத்துப் பக்கத்துல நிக்க வச்சு ஒரு போட்டோ எடு. கீழ இருக்கிற எழுத்தும் விழணும்."

திருச்செல்வம் எடுத்தான். எழுத்தை அவன் படிக்கவில்லை. அவன் கண் புனிதா மேல் இருந்தது, விரல் மட்டும் போனில்.

அப்போதுதான் செல்லம் அதைச் சொன்னாள்.

"விமலா, நீ வருத்தப்படக்கூடாது. ஞாயித்துக்கெழம தட்டை ரோகினி வாங்கட்டும்மா. எங்க சொந்தக்காரங்க கொஞ்சம் ஒரு மாதிரி. பொண்ணு வீட்டுல என்ன இருக்குன்னு கேப்பாங்க. தோட்டக்காரர் மகள் கையால வாங்கினா ஒரு பய வாயத் திறக்க மாட்டான்."

விமலா புருஷனைப் பார்த்தாள். சத்தியசீலன் டத்தோவின் டிரைவர் படத்தை, ஏதோ தொலைந்த உறவினரைத் தேடுவதுபோல், பார்த்துக்கொண்டிருந்தார்.

* * *

இரண்டே சொல். வாயைத் திறந்தால் போதும். நாக்கு நுனியில் நின்றது.

அந்த நேரம் பார்த்து, டூடோங் முக்காடு அணிந்த கைடு பெண் சிரித்துக்கொண்டே அவர்களை நோக்கி வந்தாள். மாயாண்டி படத்தைச் சுட்டிக்காட்டினாள். இவர் குடும்பமா நீங்கள், இவரைப் பற்றி ஒரு நல்ல கதை இருக்கிறது, வாசலில் இருக்கிற ரோஜாவெல்லாம், என்று மலாயில் ஆரம்பித்தாள்.

செல்லம் மலாய் படிக்கத்தான் தெரியாதவள். பேசினால் நன்றாகப் புரியும்.

விமலா புனிதாவைப் பார்த்தாள். புனிதா எதையும் கவனிக்கவில்லை. திருச்செல்வம் எடுத்த படத்தில் தன் முடி எப்படி விழுந்திருக்கிறது என்று அவன் போனை எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படி அவள் சிரித்துப் பார்த்து விமலாவுக்கு ரொம்ப நாளாயிற்று. முதலாளி வீடு கெபுன் வீடானால் செல்லத்தின் ஒரு மாதிரியான சொந்தக்காரர்கள் ரோகினியோடு நிறுத்துவார்களா? பொய் சொன்ன குடும்பத்தில் பெண் எடுப்பதா என்பார்கள்.

"சிக், தண்டாஸ் டி மானா?" என்று விமலா குறுக்கே புகுந்தாள்.

கைடு கழிப்பறைக்குக் கையைக் காட்டினாள்.

"எங்க? எனக்குப் புரியல. வந்து காட்டு." மலாயில் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்து அறைக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனாள். கழிப்பறை வாசல்வரை போய், ரோஜாக் கதை முழுவதையும் தான் ஒருத்தியே நின்று கேட்டு, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள். மாயாண்டி நட்ட ரோஜாவை டத்தோ தன் அலுவலக மேசையில் தினமும் வைப்பாராம். நல்ல கதைதான். அதுவும் விமலாவுக்கு எரிந்தது.

திரும்பி வரும் வழியில் பங்களாவின் பழைய சமையலறை. ரோகினி அங்கே தனியாக நின்றாள். விமலாவுக்காகக் காத்து நின்றாள் என்றுதான் சொல்லவேண்டும்.

"அந்தப் பொண்ணு என்னக்கா சொன்னா?"

"துக்காங் கெபுன் நல்லா ரோஜா வளர்ப்பாராம்."

ரோகினி அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்கே தெரியாதுக்கா. தெனமும் வெள்ளைச் சட்டையோடதான் வேலைக்குப் போவாரு. சட்டைப் பையில பேனா இருக்கும். கிராணின்னுதான் எங்கம்மாகிட்டயே சொல்லியிருந்தாரு."

ஒரு கணம், சுண்டு விரல் அளவுக்கு, விமலாவுக்கு இரக்கம் வந்தது. அந்த மனிதர் வெள்ளைச் சட்டையை எந்த மரத்தடியில் கழற்றி மடித்து வைத்தாரோ. பிறகு ஏர்கோன் ஞாபகம் வந்தது. இரக்கம் போய்விட்டது.

"சரி, போனது போகட்டும். இப்ப முதலாளி மகளாயிட்டியே."

"நான் ஒண்ணும் சொல்லலையேக்கா. அவங்களா நெனச்சுக்கிட்டாங்க."

"நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தட்டு என் கைக்கு வரணும்."

ரோகினி அவளை உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயமும் இருந்தது, மரியாதையும் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் மரியாதை.

"அவ்வளவுதானேக்கா?"

"அவ்வளவுதான்."

* * *

ஐஸ் காச்சாங் வண்டிக்குப் பக்கத்தில், எல்லார் கையிலும் கிண்ணம் இருக்கும்போது, ரோகினி தொண்டையைச் செருமினாள்.

"செல்லம் அக்கா, நான் ஒண்ணு சொல்வேன், கேக்கணும். தட்டை விமலா அக்காதான் வாங்கணும். பெத்தவங்க அவங்க. எங்கப்பா யாரா இருந்தா என்ன, அந்த எடத்துல நான் நிக்கறது முறையில்ல."

விமலா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வந்துவிட்டது. இரண்டு மாதமாகக் காத்திருந்த அரை நிமிடம், மறுபடி அவளுடையது. யாரும் கேட்காமலே புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

செல்லத்தின் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"பாத்தியா விமலா? இதுதான் பெரிய வீட்டுப் பொண்ணு. விட்டுக்குடுக்கிற குணம் ரத்தத்துலயே வரணும். நமக்கெல்லாம் வருமா? நீ குடுத்து வச்சவ, இப்படி ஒரு ஓரகத்தி உனக்கு. ஞாயித்துக்கெழம தட்டை வாங்கினதும், முதல்ல ரோகினி கால்ல புனிதாவ விழச் சொல்லு."

சத்தியசீலன் அன்று முதன்முறையாக வாயைத் திறந்தார். "ஆமா, அதுதான் மரியாதை" என்றார்.

விமலா மீதி ஐஸைக் கடித்துத் தின்றாள். பல் கூசியது.

* * *

திரும்பும்போதும் செல்லம் வெள்ளைக் காரில்தான். அது முன்னால் போனது. சத்தியசீலன் பின்தொடர்ந்தார். ஜெயித்தோமா தோற்றோமா என்று விமலா விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு கிடைத்தது. ஆனால் அந்தத் தட்டே ரோகினி போட்ட பிச்சையாகிவிட்டது.

போன் சிணுங்கியது. 'புனிதா திரு நிச்சயம்' என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குரூப். நாற்பத்தொரு பேர்.

"ஆன்ட்டி, போட்டோ போட்டுட்டேன், பாருங்க" என்றான் பின் சீட்டிலிருந்து திருச்செல்வம். "அம்மா சொன்ன மாதிரி எழுத்தெல்லாம் கிளியரா விழுந்திருக்கு."

விழுந்திருந்தது. ரோகினியின் சிரிக்காத முகம், அவளுக்குப் பக்கத்தில் மாயாண்டி, அவருக்குக் கீழே, தமிழுக்கு மேலே, பெரிய எழுத்தில் மலாய்.

அதற்கு அடியில் செல்லத்தின் குரல் பதிவு. விமலா காதோடு ஒட்டிக் கேட்டாள். "எல்லாரும் பாருங்க. பொண்ணோட சித்தி, தோட்டத்து முதலாளி மகள். இந்தத் தோட்டம் பூரா அவங்களோடதாம். மூத்தவளே, உன் மாமியாருக்குப் போட்டுக் காட்டு."

"மூத்தவன்னா யாரு?" என்றாள் விமலா. தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

"எங்க அக்கா, ஆன்ட்டி. போர்ட்டிக்சன்ல இருக்காங்க. ஸ்கூல்ல மலாய் டீச்சர்."

"அத அழிச்சிடு தம்பி. அந்தப் போட்டோவ அழி."

"ஏன் ஆன்ட்டி? நல்லாதானே வந்திருக்கு?"

அவள் பதில் தேடுவதற்குள் போன் மறுபடி சிணுங்கியது. டீச்சர் ஒரே வரி எழுதியிருந்தாள்.

'அம்மா, போனை எடுங்க.'

கெபுன் என்று அவள் எழுதவில்லை. நாற்பத்தொரு பேருக்கு நடுவே எழுத வேண்டாம் என்று நினைத்திருப்பாள். ரோகினி மட்டும் என்ன நினைப்பாள்? சமையலறையில் வாக்குக் கொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விமலா அக்காதான் காதில் ஓதிவிட்டாள் என்று நினைப்பாள். வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இனி எந்தக் கோயிலில் போய்ச் சத்தியம் செய்வது?

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் புனிதா.

முன்னால் போய்க்கொண்டிருந்த வெள்ளைக் கார் இடது பக்கம் சிக்னல் போட்டது. அங்கே திரும்புவதற்கு எந்த ரோடும் இல்லை. மெல்ல ஒதுங்கி, செம்பனை நிழலில், புல் ஓரமாக நின்றது.

பின் கதவு திறந்தது. செல்லம் இறங்கினாள். போன் இன்னும் காதில்தான் இருந்தது. ரோகினியின் பக்கம் திரும்பாமல், நேராக விமலாவின் காரை நோக்கி நடந்து வந்தாள்.